நான் பச்சை பூசிய பூஜ்யம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், தூத்துக்குடி துறைமுகச் சாலையில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் இது நடந்தது. கப்பலில் வரும் கன்டெய்னர்களைப் பிரித்து, உள்ளே இருப்பதை இறக்கி அடுக்கி, உரியவர்கள் வந்து எடுத்துப் போகும்வரை பார்த்துக்கொள்வது எங்கள் நிறுவனத்தின் தொழில். மொத்தம் ஐந்து ஷெட்டுகள். நான்காவது ஷெட், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்கானது.

என் இடம் ஆபீஸில், ஏசி அறையில். ஐந்து ஷெட்டுகளிலிருந்தும் வரும் தகவல்களை எக்செல்லில் ஏற்றி, மாதக் கூட்டத்துக்கு வரைபடங்கள் போட்டுக் கொடுப்பேன். சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். வேலையில் கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்புக்கு நல்ல குட்டு விழுந்த கதை இது.

நான் போடும் வரைபடங்களில் ஒன்று விபத்து தொடர்பானது. விபத்து நடந்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். நடக்க இருந்து தப்பியது யாருக்கும் தெரியாது. தூக்கும்போது சங்கிலி நழுவியது, ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் சுவர் வரை போய் நின்றது, கூரைத் தகடு ஒன்று ஆள் இல்லாத இடத்தில் விழுந்தது, இப்படி. ஆபீஸில் இதை நியர் மிஸ் என்போம். ஷெட்டில் யார் கண்ணில் பட்டாலும் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் சீட்டு எழுதி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். சீட்டு வந்தால்தான் பழுது பார்க்க ஆள் போகும். மாதக் கடைசியில், எந்த ஷெட்டிலிருந்து எத்தனை சீட்டு என்று பட்டை பட்டையாக வரைந்து, ஒவ்வொரு பட்டையின் தலையிலும் எண்ணைப் போடுவேன்.

ஒரு நாள் மேனேஜர், எண்களைப் படித்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை, பார்த்ததும் உறைக்கிற மாதிரி செய்ய முடியாதா என்று கேட்டார். எக்செல்லில் அட்டவணைக் கட்டங்களுக்கு நிறம் மாற்றுவது சுலபம். நிபந்தனை கொடுத்துவிட்டால் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் வரைபடத்தில் பட்டையின் மேல் நிற்கும் எண்ணுக்கு அந்த வசதி நேரடியாகக் கிடையாது. இரண்டு நாள் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து தேடியதில் ஒரு வழி கிடைத்தது. எண் எப்படித் தெரிய வேண்டும் என்று குறிக்கும் பெட்டிக்குள், சதுர அடைப்புக்குறி போட்டு, நிறத்தின் பெயரையும் நிபந்தனையையும் எழுதிவிட வேண்டும். நான் எழுதியது இதுதான்: பூஜ்யம் என்றால் பச்சை, மூன்றும் அதற்கு மேலும் சிவப்பு, இடையில் இருப்பது கறுப்பு. அட்டவணையில் எண்ணை மாற்றினால் வரைபடத்தில் அதன் நிறம் கண்ணெதிரே மாறும். முதல் தடவை அப்படி மாறியபோது, அறையில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினேன்.

அந்த மாதக் கூட்டத்தில் பெரிய டிவியில் என் வரைபடம் ஓடியது. நான்காவது ஷெட்டின் தலையில் ஐந்து, ரத்தச் சிவப்பில். மற்ற ஷெட்டுகளில் ஒன்றும் இரண்டும்தான். அங்கே சூப்பர்வைசராக இருப்பவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "அண்ணாச்சி, உங்க ஷெட்ல மட்டும் ஏன் இப்படி?" என்று மேனேஜர் கேட்டதும், அவர் எழுந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் பச்சை வாங்கும் ஷெட்டுக்கு எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் ஒரு கிலோ என்று மேனேஜர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம்.

அதன் பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நான்தான் ஊகிக்கவில்லை. சீட்டுகள் குறைந்தன. ஒவ்வொரு ஷெட்டாகப் பச்சைக்கு வந்தது. பூஜ்யத்துக்குப் பட்டையே கிடையாது. அடிக்கோட்டின் மேல் எண் மட்டும் பச்சையாக உட்கார்ந்திருக்கும். நான்காவது ஷெட் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தொடர்ந்து நான்கு மாதம் பச்சை. நான் நிறம் போட்டேன், ஆபத்து குறைந்தது என்று வீட்டில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன். மக்ரூனில் எனக்கும் பங்கு வரும். வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டே அடுத்த மாத வரைபடத்துக்கு எழுத்துருவை அழகாக்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மழை நாளன்று, தொடர்ந்து பச்சை வாங்கிய ஷெட்டைப் படமெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. குடையும் செல்போனுமாக நான்காவது ஷெட்டுக்குப் போனேன். தகரக் கூரையில் மழை கொட்டும்போது உள்ளே பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மூன்று மடங்காக அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்குக்கு அட்டி என்று பெயர். ஒரு மூட்டை எண்பது கிலோ. முழு ஷெட்டும் படத்துக்குள் வர வேண்டும் என்பதற்காக, செல்போன் திரையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தேன். முதுகுப் பக்கம் ஒரு அட்டி.

அங்கே கிழிந்த சாக்குகளைத் தைப்பதற்கு ஒரு அக்கா உண்டு. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், கான்ட்ராக்டர் மூலம் வேலைக்கு வருபவர். கோணி ஊசியும் சணல் நூலுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து, "வாங்க மேடம்" என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

"ஏளா! தள்ளு, தள்ளுளா!"

மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. தங்கையையோ தோழியையோ கூப்பிடும் அந்த 'ஏளா' என்னைத்தான் என்று புரிவதற்குள் அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்து எறிந்தார். எறிந்தார் என்பதுதான் சரியான சொல். நான் குப்புற விழுந்தேன். பின்னால் அட்டி சரிந்தது. மூட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து உடைய, கொட்டைகள் என் கால்வரை உருண்டு வந்தன. தூசி அடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. அந்த அக்காவின் இடது மணிக்கட்டு ஒரு மூட்டையின் அடியில் மாட்டியிருந்தது. லோடுமேன்கள் ஓடி வந்து மூட்டையைப் புரட்டினார்கள். கை மணிக்கட்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்த வலியிலும் அவர் என்னைப் பார்த்து, "மேடம், ஒங்களுக்கு அடி ஒண்ணும் படலல்லா?" என்று கேட்டார். நான் மேடமாகிவிட்டேன், மறுபடியும்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கை வரை மாவுக்கட்டு. அட்டி சரியப்போகிறது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அதான் மூணு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேனே மேடம். மேல கூர ஒழுகுது. அடி மூட்ட நனஞ்சி நனஞ்சி மக்கிட்டு. நான் தைக்கத் தைக்க, சாக்கு நூலோட கையில வருது. அடிச்சாக்கு வாய் பொளந்தா அட்டி நிக்குமா?"

"யார்கிட்டயும் சொல்லலியாக்கா?"

"சொல்லாம இருப்பனா? அண்ணாச்சியும் சீட்டு எழுதத்தான் செஞ்சாவ. குடுக்கலல்லா. குடுத்தா ஆபீஸ்ல நம்பரு செவந்துருமாம். டிவில போட்டு எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சிருவாவளாம்." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "நீங்க அங்கனதான இருக்கிய. கலர் போடுதவங்ககிட்ட நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு, சொல்கிறேன் என்று மட்டும் முனகிவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் என்னை நானே திட்டிக்கொண்டது இங்கே எழுதக் கூடியதில்லை.

ஆபீஸுக்குத் திரும்பினால் மேனேஜர் காத்திருந்தார். திங்கட்கிழமை சென்னைத் தலைமையகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வருகிறார், அறிக்கை தயாராக வேண்டும். அவர் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். நான்கு மாதமாக அந்த ஷெட்டில் ஒரு குறையும் பதிவாகவில்லை. நிற்கக் கூடாத இடத்தில் தொழிலாளி கவனக்குறைவாக நின்றதே காரணம். அத்துடன் இணைக்க, நான்காவது ஷெட்டின் வரைபடம் மட்டும் தனியாக வேண்டும் என்றார். நான்கு பச்சைப் பூஜ்யங்கள். கான்ட்ராக்டரிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லியாகிவிட்டது என்றும் போகிறபோக்கில் சொன்னார்.

என் உயிரைக் காப்பாற்றியவருக்கு வேலை போகப்போகிறது. அதற்குச் சாட்சி என்னுடைய பச்சை. ஆஸ்பத்திரியில் கேட்டதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சீட்டு வந்துச்சா? வரலைல்ல? வராததை நாம எப்படிம்மா எழுத முடியும்?" என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒரு வரைபடம் இருக்கும். அதில் தூத்துக்குடியின் தலையிலும் ஒரு எண் இருக்கும், அதற்கும் ஒரு நிறம் இருக்கும். அவருக்கு அந்தப் பயம்.

அன்று சாயந்தரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழிநெடுக உப்பளங்களில் மழைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனேன். அழுகை வந்தது. பிறகு அழுகை நின்று எரிச்சல் வந்தது. இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். அந்த நான்கு பூஜ்யங்களைப் பச்சையாக அச்சடித்துக் கொடுக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

சொல்வதற்கு ஆதாரம் வேண்டுமே. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். சீட்டுகள் எங்கே என்று கேட்டதும், "எங்கிட்ட ஒரு சீட்டும் கெடையாது, போம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போகவில்லை. எதிரே ஒரு மூட்டையில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, முதல் தப்பு என்னுது. அந்த நிறத்தைப் போட்டது நான். திங்கக்கிழமை அதை எல்லாரு முன்னாலயும் நானே சொல்லப்போறேன். நீங்க சீட்டு தந்தாலும் சொல்லுவேன், தராட்டாலும் சொல்லுவேன். தந்தா அந்த அக்கா வேலை தப்பும். தராட்டா நான் மட்டும் கத்திட்டு வருவேன்" என்றேன்.

அவர் சோற்றுப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். "அந்தச் செவப்பு வந்த மாசம் எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா ஒனக்கு? மத்த ஷெட்டுக்காரன்லாம் சீட்டே எழுதாம மக்ரூன் திங்கான். நான் உள்ளத எழுதிக் குடுத்தேன், எனக்குத்தான் அவமானம்" என்றார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. முதல் மாதத்தில் சிவப்பாக இருந்த ஷெட்டில்தான் ஒழுங்காகக் கண் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதைத்தான் நான் டிவியில் போட்டுக் காட்டிக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி மேசை டிராயரை இழுத்தார். காலியான மக்ரூன் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் மடித்து வைத்த சீட்டுகள், பதினொன்று. "எழுதுனதக் கிழிக்க மனசு வரல. வேல போனாப் போவட்டும், கொண்டு போ" என்று பெட்டியோடு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி. சென்னை அதிகாரி, மேனேஜர், கான்ட்ராக்டர், ஐந்து சூப்பர்வைசர்கள். டிவியில் என் நான்கு பூஜ்யங்கள், வேண்டுமென்றே இன்னும் திருத்தாமல் வைத்திருந்தவை. அதிகாரி பார்த்துவிட்டு, ஷெட் நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னார். என் கை மவுஸில் இருந்தது.

"சார், அடுத்த பக்கத்துக்கு முன்னால ஒரு திருத்தம் இருக்கு" என்றேன். மேனேஜர் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் ஞாபகம் இருக்கிறது. அட்டவணையைத் திறந்தேன். ஆகஸ்டில் பூஜ்யத்தை அழித்து இரண்டு என்று அடித்தேன். அடிக்கோட்டிலிருந்து ஒரு பட்டை எழுந்தது, எண் பச்சையிலிருந்து கறுப்பானது. செப்டம்பரில் மூன்று. சிவந்தது. அக்டோபரில் இரண்டு. நவம்பரில் நான்கு. அதுவும் சிவந்தது. பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தேன். "இதுல மூணு சீட்டு அந்த அட்டியைப் பத்தியும் ஒழுகுற கூரையைப் பத்தியும் எழுதினது. கண்டுபிடிச்சுச் சொன்னது சாக்கு தைக்கிற அந்த அக்கா. எழுதினது அண்ணாச்சி. இதையெல்லாம் பெட்டிக்குள்ள பூட்ட வச்சது நான் போட்ட நிறம். நிற்கக் கூடாத இடத்துல நின்னது நான் சார், அவங்க இல்ல. அவங்க என்னை இழுக்கத்தான் வந்தாங்க."

கடைசி வார்த்தை வரை சொல்லிவிட்டேன். அண்ணாச்சி எழுந்து நின்று, "எழுதுனது நான்தான் சார், குடுக்காததும் நான்தான்" என்றார். இந்தத் தடவை உட்காரவில்லை.

அதிகாரி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, "அப்ப மத்த நாலு ஷெட்டோட பூஜ்யமெல்லாம்?" என்று கேட்டார்.

அறிக்கை மாறியது. அந்த அக்காவின் வேலை தப்பியது. கை ஆறும்வரை விடுப்பும் கிடைத்தது. மறுநாளே கூரைக்கு ஆள் ஏறினார்கள். அண்ணாச்சிக்கும் எனக்கும் ஆளுக்கொரு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டோம். வாங்க வேண்டியதுதானே. மேனேஜர் ஒரு மாதத்துக்கு வேலை சம்பந்தமான பேச்சைத் தவிர என்னிடம் எதுவும் பேசவில்லை.

நான் அதோடு விடவில்லை. விட்டிருந்தால் அடுத்த மாதமே மறுபடி பச்சை வந்திருக்கும். நிபந்தனையை மாற்றி எழுதினேன். எத்தனை சீட்டு வந்தாலும் அந்த எண் கறுப்புதான். வந்த சீட்டில் பழுது பார்க்காமல் கிடப்பது எத்தனையோ, அந்த எண் சிவப்பு. ஒரு ஷெட்டிலிருந்து சீட்டே வராவிட்டால், அந்தப் பூஜ்யமும் சிவப்பு. "பூஜ்யத்துக்குச் சிவப்பா? பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்று மேனேஜர் தள்ளிவிட்டார். அடுத்த மாதமும் கொண்டு போனேன். தள்ளினார். மூன்றாவது மாதம், "ஒரு ஷெட்ல ஒரு மாசம் முழுக்க ஒரு ஆணிகூடக் கழண்டு விழலைன்னா நீங்க நம்புவீங்களா சார்?" என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சரி, போட்டுத் தொலைங்க என்றார். அந்த மாதம் ஐந்து ஷெட்டுகளிலிருந்தும் சீட்டுகள் என் மேசையில் குவிந்தன. மக்ரூன் நின்றுபோனது. எனக்கு அதில் வருத்தம் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

அந்த அக்கா மாசி மாதம் வேலைக்குத் திரும்பினார். ஆஸ்பத்திரியில் விழுங்கிய வார்த்தையை அன்றே சொல்லிவிட வேண்டும் என்று ஷெட்டுக்குப் போனேன். "அந்தக் கலர் போட்ட ஆள் நான்தான்க்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லத் தைரியம் வரல. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. இடது மணிக்கட்டு முன்போல் மடங்கவில்லை, சாக்கை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தைத்தார். "மன்னிச்சா மட்டும் கை திரும்பவா போவுது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த தையலை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "மூணாவது ஷெட்டுல ஒரு கதவு ஒத்தக் கீல்ல தொங்குது. அத மட்டும் அங்கன ஒருத்தனும் எழுதக் காணும். போயி அதப் பாருங்க மொதல்ல."

போனேன். நானே சூப்பர்வைசரைக் கையோடு கூட்டிப்போய் சீட்டு எழுத வைத்தேன். மறுநாள் கீல் மாறியது.

இன்றும் ஒரு எண்ணுக்கு நிறம் எழுத உட்காரும்போது, இந்த நிறத்தைப் பார்த்து யார் வாயை மூடிக்கொள்வார்கள் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாவிட்டால், யார் என்ன சொன்னாலும், அந்த எண்ணைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறேன்.